வாசகர் கேள்வி பதில்: பழைய மரப் படகுக்குப் பட்டி பூசலாமா?

கேள்வி: நானும் மச்சானும் சேர்ந்து ஒரு பழைய மரப் படகு வாங்கியிருக்கிறோம். இப்போது கரையில் ஏற்றி வைத்திருக்கிறோம். அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது, பலகைகளுக்கு நடுவே இடுக்கு தெரிகிறது. எபோக்சி பட்டி பூசித் தேய்த்து, மேலே ஃபைபர் கிளாஸ் ஒட்டினால் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
- வாசகர், பொங்கோல்

பதில்: இடுக்கில் மட்டும் எபோக்சியை அடைத்துவிடாதீர்கள். பலகை பலகையாகக் கட்டிய படகு தண்ணீரில் இறங்கியதும் மரம் ஊறி, பலகைகள் ஒன்றையொன்று நெருக்கும், அந்த நெருக்கத்தில்தான் அது ஒழுகாமல் நிற்கிறது. நீங்கள் பார்க்கும் இடுக்குகளில் பல, வெயிலில் காய்ந்ததால் விரிந்தவையாக இருக்கலாம். அதில் கல்லாக இறுகும் பொருளை வைத்தால் ஊறும் மரத்துக்கு இடம் இருக்காது. பலகையின் ஓரம் நசுங்கும், ஆணி தளரும், மோசமானால் உள்ளே பலகைகளைத் தாங்கும் விலாச் சட்டமான வங்கே உடையும். ஃபைபர் கிளாஸ் பழைய ஈர மரத்தில் சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் உள்ளே சிக்கிய ஈரம் மரத்தை உளுக்க வைக்கும்.

முதலில் மரத்தைப் பாருங்கள். கூரான ஊசியால் அங்கங்கே குத்துங்கள், சுலபமாக இறங்கினால் அங்கே மரம் போய்விட்டது. பலர் தண்ணீருக்குக் கீழே இருக்கும் பகுதியை மட்டும் பார்ப்பார்கள், ஆனால் உளுத்துப்போவது பெரும்பாலும் மழைநீர் தேங்கும் இடங்களில், அதாவது மேல்தளத்தின் ஓரத்திலும் பின்பக்க மூலைகளிலும்தான். உப்புநீர் பூஞ்சையை அடக்கும், மழைநீர் வளர்க்கும். நம் ஊர் மழைக்குப் படகை மூடி வைக்காமல் இருப்பது பெரிய தவறு. கடலுக்குள் வேறு எதிரி, மரத்தைத் துளைக்கும் புழு. சாயம் உரிந்த இடத்தில் அது நுழையும், வெளியே ஊசிமுனைத் துளைதான் தெரியும், உள்ளே பலகை சல்லடையாக இருக்கும். அப்படிப்பட்ட பலகையை மாற்றத்தான் வேண்டும், பட்டி காப்பாற்றாது.

இடுக்குகளுக்குப் பருத்தித் திரியை அடித்து இறக்கி, மேலே எப்போதும் நெகிழ்வாக இருக்கும் பட்டியை வையுங்கள். கலப்பற்று என்று தமிழ்நாட்டுக் கடலோரத்தில் சொல்வது இதைத்தான். இங்கே சிங்கப்பூரில் அந்தக் காலத்தில் கெலாம் மரப்பட்டையை இதற்குப் பயன்படுத்தினார்கள், கம்போங் கிளாம் வட்டாரத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம்!

இதெல்லாம் முடிந்த பிறகுதான் வழுவழுப்பு. பலகையின் நடுவே உள்ள சிறு பள்ளங்களுக்கு, மரம் நன்றாகக் காய்ந்திருந்தால், எபோக்சி பட்டி தாராளமாக வைக்கலாம். இந்தச் சூட்டில் சீக்கிரம் இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். காய்ந்ததும் ஈரக் காற்றில் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், தண்ணீரால் கழுவிவிட்டுத் தேயுங்கள். நீளமான, கொஞ்சம் வளையும் பலகையில் உப்புத்தாளை ஒட்டிக் குறுக்காக இரு திசையிலும் தேய்த்தால் மேடுகள் தாமாகவே தெரியும், கையில் சின்னத் துண்டை வைத்துத் தேய்த்தால் பள்ளம் பள்ளமாகவேதான் இருக்கும். அடிப்பக்கத்துக்கு 80ஆம் எண் தாள் போதும், அதற்கு மேல் பளபளப்பு வீண் உழைப்பு.

கேள்வி: பழைய சாயத்தைச் சுரண்டும்போது தூசி ஆபத்தா?
- வாசகி, ஈசூன்

பதில்: நிச்சயமாக. படகின் அடிப்பக்கத்தில் பூசிய பழைய சாயங்களில் ஈயம், செம்பு, சிலவற்றில் வெள்ளீயக் கலவையும் உண்டு. அந்த வெள்ளீயச் சாயத்துக்கு 2008இல் அனைத்துலகத் தடை நடப்புக்கு வந்தது, ஆனால் உங்கள் படகில் எத்தனை அடுக்கு பழசு என்று யாருக்குத் தெரியும்? நல்ல முகக்கவசம் போடுங்கள், தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேயுங்கள், கீழே தார்ப்பாய் விரித்துச் சுரண்டியதைச் சேர்த்து முறையாக அப்புறப்படுத்துங்கள். ஒரு துளிகூடக் கடலில் விழக்கூடாது.