ஏஐ எழுதித் தரும் ஆய்வுக் கட்டுரையில் இல்லாத மேற்கோள்கள் எப்படி வருகின்றன?

சாட்ஜிபிடி போன்ற எழுத்து உதவிகள், அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதிக்கொண்டே போகும் நிரல்கள். அவற்றுக்குள் நூலக அலமாரி எதுவும் இல்லை. படித்த பக்கங்களில் இருந்து எழுத்தின் போக்கைத்தான் கற்றுவைத்திருக்கின்றன.

ஆயிரம் கல்யாணப் பத்திரிகை படித்தவரிடம் ஒன்று எழுதித் தரச் சொன்னால், இனிஷியலோடு பெயர்கள், முகூர்த்த நேரம், மண்டபம் என்று கச்சிதமாக எழுதிவிடுவார். ஆனால் அப்படி ஒரு கல்யாணமே இருக்காது. மேற்கோளும் அப்படித்தான். ஆசிரியர், ஆண்டு, இதழ், பக்க எண் எல்லாம் அமைப்பில் சரி. தேடினால் கட்டுரை கிடைக்காது.

சரி, ஆய்வுக் கட்டுரைகளையே நிறையப் படிக்க வைத்தால்? மெட்டா நிறுவனம் அதையும் செய்து பார்த்தது. 4.8 கோடி ஆய்வுக் கட்டுரைகள், பாடநூல்கள், விரிவுரைக் குறிப்புகளைக் கொண்டு பயிற்றுவித்த கேலக்டிகா என்ற ஏஐ நிரலை 2022 நவம்பரில் வெளியிட்டது. தவறான தகவலையும் அது அறிவியல் நடையில் அடித்துச் சொன்னது. கண்டனம் எழுந்து, மூன்றே நாளில் பொதுமக்களுக்கான முன்னோட்டத்தை நிறுத்தினார்கள்.

நடைதான் இவற்றின் பலம். நீங்களே எழுதிய பத்தியைத் திருத்த, சுருக்க, ஆங்கிலத்தைச் செப்பனிடத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத ஆய்வாளருக்கு இது பெரிய உதவி. மேற்கோள் பட்டியலை மட்டும் அதன் கையில் கொடுக்காதீர்கள்.

அப்புறம், இணையத்தில் தேடிப் பதில் தரும் வகை என்றால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தரும் கட்டுரைச் சுட்டி (லிங்க்) உண்மையாகவே இருந்தாலும், அந்தக் கட்டுரை சொல்லாததைச் சொன்னதாக எழுதிவிடும் வாய்ப்பு அதிலும் உண்டு.