மீந்துபோன உல்லன் நூலில் சின்னக் குழந்தைக்குப் பொம்மை பின்னித் தரலாமா? எங்கே தொடங்குவது?

கேட்டவர் வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது, ஸ்வெட்டர் பின்னி மீந்த துண்டு நூல் ஒரு பை நிறைய இருக்கிறது, குரோஷே கொக்கி ஊசியில் சங்கிலிப் பின்னல் வரை தெரியும் என்று எழுதியிருக்கிறார். அது போதும், தாராளமாகப் பின்னலாம். நான் பாம்பனில் இருக்கிறேன். எட்டு வருஷமாகப் பொம்மை பின்னுகிறேன், அதில் முக்கால்வாசி மீந்த நூல்தான். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதுக் குழந்தையின் பொம்மை கையில் இருப்பதைவிட வாயில் இருக்கிற நேரம்தான் அதிகம். நூல், ஊசி, கண், பஞ்சு எல்லாவற்றையும் அதை நினைவில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதம் இல்லை. தொடங்கிய புதிதில் அண்ணன் மகளுக்கு ஓர் ஆமை பின்னினேன். ஓடு முழுக்கத் துண்டு நூல்: பச்சை, மஞ்சள், கத்தரிப்பூ நிறம். கண்ணுக்கு இரண்டு கறுப்பு மணி வைத்து, நூலை நாலு முறை ஓட்டித் தைத்தேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பாப்பாவுக்கு அப்போது பதினோரு மாதம், பல் முளைக்கிற நேரம். மூன்றாம் நாள் மதினி அவள் வாயில் விரலை விட்டுத் துழாவி எடுத்த மணியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். தைத்த நூல் அறுந்திருக்கவில்லை. மணி உட்கார்ந்திருந்த இடத்துக் கண்ணிகள் எச்சிலில் ஊறித் தளர்ந்து, மணி நூலோடு சேர்ந்தே பிதுங்கி வந்திருந்தது. அன்றிலிருந்து மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைக்கு மணி, பட்டன், ஒட்டுகிற கண் எதுவுமே நான் வைப்பதில்லை. பின்னால் வளையம் போட்டுப் பூட்டுகிற பிளாஸ்டிக் கண் கிடைக்கிறது, அதைப் பாதுகாப்புக் கண் என்றே விற்கிறார்கள். அதுவும் வேண்டாம். வளையம் கழலாவிட்டாலும் பின்னல் விரிந்துகொடுத்தால் மொத்தமாக வெளியே வந்துவிடும்.

கண்ணை நூலிலேயே தைத்துவிடுங்கள். கறுப்பு நூலை ஒரே இரண்டு ஓட்டைகளில் ஐந்தாறு தடவை பக்கம் பக்கமாக ஓட்டினால் அவரை விதை மாதிரி ஒரு கண் எழும்பி வரும். மேல் ஓரத்தில் வெள்ளை நூலில் ஒரு சின்னக் கோடு போட்டால் பார்வை வந்துவிடும். பஞ்சு அடைப்பதற்கு முன்பே இதைச் செய்தால் முடிச்சு உள்பக்கம் தங்கிவிடும்.

சரி, நூலுக்கு வருவோம். பையைக் கொட்டியதும் எல்லாரும் நிறம் பார்த்துத்தான் பிரிப்பார்கள். நிறத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் தடிமன். ஒரு ஸ்கேல் மேல் நூலை நெருக்கமாக, ஆனால் இழுக்காமல் சுற்றுங்கள். ஓர் அங்குலத்துக்குள் எத்தனை சுற்று விழுகிறது என்று எண்ணுங்கள். ஒரே எண்ணிக்கை வருகிற துண்டுகள் ஒரு கூட்டம். பொம்மையின் நடுவில் மெல்லிய நூல் வந்தால் அந்த இடம் இடுப்புப் பிடித்த மாதிரி ஒடுங்கும், கண்ணி வழியே பஞ்சும் தெரியும். மெல்லிய நூலை இரட்டையாகச் சேர்த்துப் பின்னினால் தடித்த நூலோடு பெரும்பாலும் ஒத்துப்போகும்.

கடையில் உல்லன் என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் அக்ரிலிக்தான். ஆனால் பழைய பையில் நிஜ ஆட்டு ரோம நூலும் கலந்திருக்கலாம். ஒரு விரல் அளவு வெட்டி, குழந்தைகள் இல்லாத இடத்தில், இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு உருண்டையாகும். ரோமம் முடி கருகிய வாடையோடு பொடிந்துபோகும். பருத்தி காகிதம் எரிகிற வாடை அடிக்கும். ரோம நூல் வெந்நீரில் சுருங்கித் தடித்துவிடும் என்பதால் மற்றதோடு கலக்காதீர்கள். சாயம் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நனைத்து, வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்துங்கள். சிவப்பும் கருநீலமும்தான் அதிகம் ஏமாற்றும். துணியில் கறை பட்டால் அந்த நூல் வாயில் வைக்கிற பொம்மைக்கு ஆகாது.

எங்கள் பக்கத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: கரையில் இவ்வளவு வலை நூல் சும்மா கிடக்கிறதே, அதில் பின்னினால் என்ன? வேண்டாம். நைலான் நூல் விறைப்பு, தங்கூசி என்கிற ஒற்றை இழை பிளாஸ்டிக் நரம்பு பிஞ்சு விரலை அறுத்துவிடும். ஆனால் வலையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், அது முடிச்சு. துண்டு நூல்களை நான் எதைப் போட்டு இணைத்தாலும் வழுக்கிக்கொண்டே வந்தது. வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்த அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இங்க கொண்டா" என்று வாங்கினார். ஒரு நூலின் நுனியை மடக்கி வளைவாக்கினார். மற்ற நூலை அந்த வளைவுக்குள் அடியிலிருந்து மேலே எடுத்து, வளைவின் இரண்டு கால்களையும் பின்னால் சுற்றி, தன் அடியிலேயே நுழைத்து இழுத்தார். வலைக் கண்ணுக்குப் போடுகிற அதே முடிச்சு. நெசவாளர்கள் அறுந்த இழையை இணைப்பதும் இப்படித்தான். அக்ரிலிக் வழவழப்பு என்பதால் நான் அதன் மேல் இன்னொரு முடிச்சும் போட்டு, இரண்டு பக்கமும் நாலு விரல் நுனி விட்டு, உடம்புக்குள் தள்ளிவிடுகிறேன். வெளியே தொங்குகிற இழை ஒன்றுகூட இருக்கக் கூடாது. குழந்தை விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று வீங்கிவிடும், அழுகைக்குக் காரணமும் சட்டென்று புரியாது.

ஊசி. சாதாரண நான்கு இழை நூலின் சீட்டில் 3.5 அல்லது 4 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும், அது சால்வைக்கான கணக்கு. பொம்மைக்கு 2.5 அல்லது 3 எடுங்கள். பின்னலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து விரித்தால் ஓட்டை தெரியக் கூடாது. கை கொஞ்சம் வலிக்கும், அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். கடற்கரை ஊராக இருந்தால் அலுமினிய ஊசியே வாங்குங்கள். இங்கே உப்புக் காற்றில் இரும்பு ஊசி துருவேறி, வெள்ளை நூலில் பழுப்புக் கோடு போட்டுவிடும்.

தொடங்குவதற்கு முயல், கரடி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதில் காது, கை, கால் என்று தனித்தனியாகத் தைத்து ஒட்டுகிற வேலை அதிகம், கழல்கிற இடமும் அதிகம். நான் ஆவுளியாவைச் சொல்வேன். ஆவுளியா என்றால் கடல்பசு. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடல்புல் மேய்கிற பிராணி, எங்கள் கடலின் செல்லம். அதற்காகத்தான் 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலைத் தமிழ்நாடு அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. பொம்மைக்கு அதன் உடம்பு மிகவும் தோது: காது மடல் கிடையாது, முதுகுத் துடுப்பு கிடையாது, மூஞ்சியிலிருந்து வால் வரை ஒரே துண்டாகப் பின்னிவிடலாம்.

2 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலிக்குள் 6 கண்ணி பின்னுங்கள். கண்ணி என்று நான் சொல்வது சிங்கிள் குரோஷே: ஊசியை உள்ளே விட்டு நூலை இழுத்து, ஊசியில் இரண்டு வளையம் ஆனதும் மறுபடி நூலை எடுத்து இரண்டின் வழியாகவும் இழுத்துவிடுவது. நூலை வளையமாக்கி இறுக்குகிற மேஜிக் ரிங் முறையும் உண்டு, ஆனால் அதில் நுனியைச் சரியாகக் கட்டாவிட்டால் மூக்கு நுனியே திறந்துகொள்ளும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, 12 ஆகும். மூன்றாம் சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு, 18. நான்காவதில் 24. சுற்றை மூடாமல் சுருளாகப் போய்க்கொண்டே இருங்கள். ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் வேறு நிறத் துண்டு நூலைச் சொருகி வையுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தவறும். 24 அப்படியே மூன்று சுற்று, அது தலை. எட்டாவது சுற்றில் ஆறு இடத்தில் கூட்டி 30. 30 அப்படியே எட்டுச் சுற்று, அது வயிறு. அப்புறம் குறைத்துக்கொண்டே வாருங்கள்: ஒரு சுற்றில் 24, அதே அளவில் இரண்டு சுற்று, பிறகு 18, அதே அளவில் இரண்டு சுற்று. குறைக்கும்போது இரண்டு கண்ணிகளின் முன்பக்க இழையை மட்டும் ஊசியில் கோத்துச் சேர்த்தால் பள்ளம் தெரியாது. இங்கே நிறுத்தி கண்ணைத் தைத்து, பஞ்சை அடையுங்கள். பிறகு 12, அதே அளவில் இரண்டு சுற்று.

திறந்திருக்கிற பின்முனையைத் தட்டையாக அழுத்தி, இரண்டு பக்கத்தையும் சேர்த்து 6 கண்ணியாகப் பின்னி மூடுங்கள். அங்கிருந்தே வால்: திருப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டு 12, அடுத்த வரிசையும் 12. பிறகு ஆறு ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் 4, 2 என்று குறைத்து முடித்தால் நடுவில் பிளவு விழுந்த வால் வந்துவிடும். கைத் துடுப்பு இரண்டும் தனி: 6, 8, பிறகு 8 அப்படியே மூன்று சுற்று. பஞ்சு வேண்டாம், தட்டையாக்கித் தலைக்குக் கீழே இரண்டு ஓட்டமாகத் தையுங்கள். தாடைப் பக்கம் இரண்டு தையல் போட்டுக் கொஞ்சம் இழுத்துக் கட்டினால் மூஞ்சி தரையைப் பார்க்கும். ஆவுளியா புல் மேய்வது அப்படித்தான். உள்ளங்கைக்குச் சற்று நீளமாக வரும், நூல் 25 கிராம் அளவில் முடிந்துவிடும்.

நிறம் மாற்றும்போது, பழைய நிறத்தின் கடைசிக் கண்ணியில் ஊசியில் இரண்டு வளையம் நிற்கும்போதே புது நிறத்தை இழுத்து முடியுங்கள், கோடு சுத்தமாக விழும். சாம்பலும் தவிட்டு நிறமும் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நான் ஆரஞ்சில் பின்னிய ஆவுளியாவைத்தான் பக்கத்து வீட்டுப் பையன் இன்றைக்கும் இடுக்கிக்கொண்டு திரிகிறான்.

உள்ளே அடைக்க பாலியஸ்டர் பஞ்சு போதும். பழைய தலையணையில் எடுத்தால் துவைத்து, வெயிலில் காயவைத்து, பிய்த்துப் போடுங்கள். இலவம்பஞ்சு நமக்குப் பழக்கமானதுதான், ஆனால் அந்த இழை குட்டையானது, கண்ணி வழியே கசியும். நனைந்தால் காய நாளாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே உள்ளுக்குள்ளேயே பூஞ்சை பிடித்துவிடும். வெட்டிய நூல் நுனிகளையும் அடைக்கலாம், கட்டி கட்டியாக நிற்காமல் இருக்க ஒரு மெல்லிய துணிப்பையில் கட்டி உள்ளே வையுங்கள்.

கொடுப்பதற்கு முன் துடுப்பு, வால், கண் எல்லாவற்றையும் பலமாக இழுத்துப் பாருங்கள். 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைக்குள் முழுதாக அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொண்டை அடைக்கிற பொருள் என்பது கணக்கு. பழைய கேமரா பிலிம் டப்பா கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும்போது தூளிக்குள்ளோ தொட்டிலுக்குள்ளோ எந்தப் பொம்மையும் வேண்டாம். நாம் பின்னியதும் சேர்த்துத்தான்.

குறைமாதக் குழந்தைகளுக்குப் பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ், பின்னிக் கொடுக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2013-ல் டென்மார்க்கில் தொடங்கிய பழக்கம் அது. அதற்கு மீந்த அக்ரிலிக் சரிவராது. முழுப் பருத்தி நூல் வேண்டும், கால்கள் இழுத்துப் பிடித்தாலும் 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, 60 டிகிரி வெந்நீரைத் தாங்க வேண்டும். பின்னுவதற்கு முன்பே அந்த மருத்துவமனையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்கிற எண்ணம் வந்தால் ஒரு விஷயம். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. அந்தப் பதிவை முதலில் முடித்துவிடுங்கள்.

துவைப்பது சுலபம்: வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, முறுக்காமல் துண்டில் சுற்றி அழுத்த வேண்டும். எங்கள் ஊரில் போர் தண்ணீர் உப்பு, அதில் மட்டும் அலசினால் காய்ந்ததும் சொரசொரவென்று நிற்கும், குழந்தை கன்னத்தில் வைத்துத் தேய்க்கிற பொருள். குடம் கணக்கில் வாங்குகிற நல்ல தண்ணீரில் கடைசியாக ஒரு தடவை அலசிவிடுவேன். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் துடுப்பு நீண்டுவிடும். அப்பா கழித்த வலையிலிருந்து வெட்டித் தைத்த ஒரு பை வைத்திருக்கிறேன். ஆவுளியா, ஆமை எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, நிழலில் காற்றடிக்கிற பக்கமாகக் கட்டிவிட்டால் இரண்டு நாளில் உள்பஞ்சு வரை காய்ந்துவிடும்.