மண்வள அட்டை கேட்காத கேள்வி

நிலக்கரிச் சுரங்கங்களை ஒட்டிய வயல்களைப் பற்றி இந்த மாதம் கடிதங்கள் நிறைய. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலர் எழுதியிருந்ததால் யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கம். வாய்க்காலில் சுரங்கத் தண்ணீரும் கலந்து வருகிறது. மடைவாயில் துருப் பிடித்த மாதிரி சிவப்பாகப் படிகிறது, மேலே எண்ணெய் போல மினுமினுப்பும் இருக்கிறது. கன உலோகம் என்கிறார்களே, அது இதுதானா? மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம், மண்வள அட்டையில் எல்லாம் சரியாகத்தான் வந்திருக்கிறது. எதை நம்புவது?
— ஒரு விவசாயி, கடலூர் மாவட்டம்

பதில்: முதலில் சிவப்பை முடித்துவிடுவோம். அது பெரும்பாலும் இரும்பு. நிலத்தடியில் காற்றுப் படாமல் கிடக்கும் வரை இரும்பு தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், வெளியே வந்து காற்றுப் பட்டதும் துருவாகிப் படிந்துவிடும். மேலே மினுக்கும் படலத்தை ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து தனித்தனியாக மிதந்தால் அது இரும்பை வைத்து வாழும் பாக்டீரியா போட்ட படலம். குச்சியை எடுத்ததும் மறுபடி ஒன்றாகக் கூடிக்கொண்டால் எண்ணெய்.

இரும்பு மிஞ்சினால் நெல் இலை செம்பழுப்பாகும், நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். எனக்குப் பயம் மற்ற கன உலோகங்களைப் பற்றித்தான். காட்மியம், ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றுக்கு நிறமில்லை, வாசனையில்லை. பச்சைப்பசேல் என்று தலை சாய்த்து நிற்கிற பயிரின் நெல்லுக்குள்ளும் காட்மியம் இருக்க முடியும், செடி அதைக் காட்டிக்கொடுக்காது. இன்னொன்று, அந்தச் சிவப்புப் படிவு ஆர்செனிக்கையும் ஈயத்தையும் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ளும். அதனால் இரும்புதானே என்று விட்டுவிடாமல் அதையும் ஒரு டப்பாவில் வழித்து ஆய்வுக்குக் கொடுங்கள்.

இப்போது அட்டை. 2015இல் தொடங்கிய மண்வள அட்டையில் 12 விஷயங்கள் பார்ப்பார்கள்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அப்புறம் கார அமில நிலை, உப்பு நிலை, கரிமச் சத்து. எந்த உரத்தை எவ்வளவு போடலாம் என்று சொல்வதற்காக வந்த அட்டை அது, அந்த வேலையை அது சரியாகச் செய்கிறது. அதில் ஈயமும் இல்லை, காட்மியமும் இல்லை, ஆர்செனிக்கும் இல்லை, பாதரசமும் இல்லை. அட்டை பொய் சொல்லவில்லை ஐயா, உங்கள் கேள்வியை அதனிடம் யாரும் கேட்கவே இல்லை. இது தெரியாமல் எத்தனையோ பேர் அட்டையைப் பார்த்து நிம்மதியாக இருக்கிறார்கள், கூட்டத்தில் யாராவது கேட்டால் அதிகாரிகளும் அட்டையைக் காட்டிக் கேட்டவர் வாயை அடைக்கிறார்கள். எனக்கு மனசு ஆறாத விஷயம் இது.

சுரங்கத்திலிருந்து உலோகம் எப்படி வருகிறது? நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணையும் பாறையையும் வெட்டி மலை மாதிரிக் குவிக்கிறார்கள். அதிலும் கரியிலும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற தாது கொஞ்சமோ நிறையவோ இருக்கும். கோடிக்கணக்கான வருஷம் காற்றுப் படாமல் கிடந்தது, வெளியே வந்து காற்றும் மழையும் பட்டதும் கந்தக அமிலமாக மாறுகிறது. பக்கத்துப் பாறையில் உறங்கிக் கிடந்த உலோகங்களை அந்த அமிலம் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்குகிறது. மேகாலயாவின் ஜைந்தியா மலைகளில் நடந்தது இதுதான். கந்தகம் மிகுந்த அந்த ஊர்க் கரியை எலிவளை மாதிரிக் குடைந்து எடுத்ததில் ஓடைகள் புளித்துப்போயின, மீன் இல்லை, நெல் வயல்கள் பாழாயின. லூகா ஆறு குளிர்கால மாதங்களில் நீல நிறத்தில் ஓடும். 2014 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த எலிவளைச் சுரங்கங்களுக்குத் தடை போட்டது. எல்லா ஊர்க் கரியும் அப்படியில்லை, கந்தகமும் பாறையும் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் பக்கத்திலேயே சுரங்கத் தண்ணீர் இரண்டு வகை: சுரங்கத்துக்கு அடியிலிருந்து அழுத்தம் குறைப்பதற்காக இறைத்து வெளியேற்றும் ஊற்று நீர் ஒன்று, சுரங்கக் குழியில் தேங்கி மண்ணோடு கலந்து வரும் மழைத்தண்ணீர் இன்னொன்று. இரண்டும் ஒன்றல்ல. உங்கள் மடைக்கு வருவது எது, எந்த மாதத்தில் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, மண் எடுக்கும் முறை. மடைவாயில் ஒன்று, வயலின் நடுவில் ஒன்று, கடைசி வரப்போரம் ஒன்று, பிறகு அந்த வாய்க்கால் தண்ணீரே பாயாத வேறொரு நிலத்தில் ஒன்று. இந்தக் கடைசி மாதிரியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அது இல்லாமல் போனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே இருக்காது. ஒவ்வொரு இடத்திலும் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி வெட்டி, ஓரத்திலிருந்து 15 செ.மீ. ஆழம் வரை சீவி எடுங்கள். துருப் பிடித்த மண்வெட்டி வேண்டாம், மரக் குச்சியோ பிளாஸ்டிக் கரண்டியோ போதும். பாதரசம் பார்க்க வேண்டிய மண்ணைச் சூடு காட்டி உலர்த்தாதீர்கள், ஆவியாகிப் போய்விடும். ஆய்வுக்கூடத்தில் 'மண் பரிசோதனை' என்று மட்டும் சொன்னால் பழைய 12தான் வரும். காட்மியம், ஈயம், ஆர்செனிக், பாதரசம், குரோமியம், நிக்கல் என்று எழுதிக் கொடுங்கள். செலவு அதிகம்தான், வாய்க்கால் பாசனக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து கொடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லைக் கீரையைக் கல் உப்புப் போட்டு மூன்று தண்ணீரில் அலசித்தான் சமைக்கிறேன். அது போதாதா?
— ஒரு இல்லத்தரசி

பதில்: பாதிக்குப் போதும் அம்மா. ஈயம் பெரும்பாலும் தூசியாக வந்து இலைமேல் உட்காரும், மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறுவது குறைவு. அதனால் நீங்கள் அலசுவது உண்மையாகவே பலன் தரும். காட்மியம் அப்படியில்லை, அது வேர் வழியாக ஏறி இலைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும், எந்த அலசலும் அதை எடுக்காது. கீரைகள்தான் அதை அதிகம் இழுப்பவை, அடுத்து கிழங்கும் வேர்க்காய்களும். சுரை, பீர்க்கு மாதிரி காய்க்கிறவை குறைவாகவே எடுக்கும். பரிசோதனை முடிவு வரும் வரை கீரையை மட்டும் வேறு மண் நிரப்பிய தொட்டியில் போட்டு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். குழந்தைகள் மண்ணில் விளையாடிவிட்டு வந்தால் சாப்பிடும் முன் கை கழுவச் சொல்லுங்கள், ஈயம் உடம்புக்குள் போகும் பெரிய வழி மண் பட்ட அந்தக் கைதான்.

கேள்வி: காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல் சாகுபடி செய்தால் அரிசியில் விஷம் குறையும் என்று படித்தேன். சரியா?
— ஒரு இளம் விவசாயி

பதில்: தம்பி, எந்த விஷம் என்பதைப் பொறுத்தது. ஆர்செனிக் என்றால் சரி. வயலில் தண்ணீர் கட்டிக் கிடக்கும்போதுதான் ஆர்செனிக் மண்ணிலிருந்து விடுபட்டு வேருக்குப் போகும், காயவிட்டால் குறையும். காட்மியம் என்றால் நேர் எதிர். தண்ணீர் நிற்கும்போது மண்ணில் இருக்கும் கந்தகம் காட்மியத்தைக் கட்டிப்போட்டு வைக்கும், வயல் காய்ந்ததும் அவிழ்த்துவிடும், அதிலும் கதிர் வந்த பிறகு காயவிடுவது மோசம். உங்கள் மண்ணில் எது இருக்கிறது என்று தெரியாமல் பாய்ச்சலை மாற்றினால் ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டிவிடுவீர்கள்.

காட்மியம்தான் என்று தெரிந்தால், முதலில் மண்ணின் புளிப்பைப் பாருங்கள். கார அமில நிலை 6க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு போட்டு 6.5, 7 பக்கம் கொண்டுவாருங்கள், காட்மியம் செடிக்குள் ஏறுவது நன்றாகக் குறையும். தொழு உரமும் பிடித்துவைக்கும். துத்தநாகக் குறைபாடு இருந்தால் சரி செய்யுங்கள், துத்தநாகமும் காட்மியமும் வேரில் ஒரே வாசல் வழியாகப் போட்டி போட்டு நுழைபவை. நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மணிச்சத்து உரங்களிலும் பாறையோடு வந்த காட்மியம் கொஞ்சம் உண்டு, வருஷக்கணக்கில் போட்டால் சேரும். சுரங்கத் தண்ணீர் படாத நிலத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம்.

ஆர்செனிக் என்றால் சமையலறையில் ஒரு வழி இருக்கிறது, நம் பாட்டிமார் வழிதான். நிறையத் தண்ணீரில் அரிசியை வேகவைத்துக் கஞ்சியை வடித்தால் ஆர்செனிக்கில் கணிசமான பங்கு கஞ்சியோடு போய்விடும். ஆனால் உலை வைக்கும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், அந்தக் கஞ்சியைக் குடிக்கவும் கூடாது. குக்கரில் தண்ணீர் சுண்டும்படி வைத்தால் இந்தப் பலன் இல்லை.

கேள்வி: ஏரி மீன் சாப்பிடலாமா? பக்கத்தில் அனல்மின் நிலையமும் உண்டு.

பதில்: இங்கே பயம் பாதரசம். கரியை எரிக்கும்போது அதிலுள்ள பாதரசம் ஆவியாகிப் புகையோடு போகிறது, மழையோடு ஏரிக்கு வருகிறது. ஏரிச் சேற்றில் பாக்டீரியா அதை உடம்பில் தங்கும் வடிவத்துக்கு மாற்றிவிடும். அங்கிருந்து புழு பூச்சிக்கு, சின்ன மீனுக்கு, சின்ன மீனைத் தின்னும் விராலுக்கு என்று ஒவ்வொரு படியிலும் கூடிக்கொண்டே போகும். உத்தரப் பிரதேசத்தின் சோன்பத்ரா மாவட்டம் சிங்ரௌலி நிலக்கரிப் படுகையை ஒட்டியது, அங்கே 2012இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சிலருடைய ரத்தத்தைச் சோதித்தது. பாதுகாப்பான அளவு நூறு கோடியில் 5.8 பங்கு, அங்கே சராசரி 34.3. நம் பக்கத்தில் 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள், மந்தன் என்ற இரண்டு சுற்றுச்சூழல் அமைப்புகள் நெய்வேலி, பரங்கிப்பேட்டை வட்டாரத்து நீர், மண் மாதிரிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாகவே வழக்காக எடுத்ததும் பலர் அறிந்தது.

கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் அந்த ஏரியின் பெரிய விராலைத் தவிர்க்கட்டும். அயிரை மாதிரி சின்ன மீன்களில் பாதரசம் சேர்வது குறைவு. குடிநீருக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.001 மி.கி. பாதரசம். கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கும்போது இந்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: சூரியகாந்தி போட்டால் மண்ணில் உள்ள உலோகத்தை உறிஞ்சிவிடுமாமே?

பதில்: கொஞ்சம் உறிஞ்சும். ஒரு போகத்தில் போவது மிகக் குறைவு, மோசமான நிலமென்றால் பல வருஷங்கள் ஆகும். அறுத்த செடியை மாட்டுக்குப் போட்டாலோ அங்கேயே மடக்கி உழுதாலோ எல்லாம் வீண்.

கேள்வி: கெட்ட நிலத்தை யாராவது எங்காவது மீட்டிருக்கிறார்களா? செலவை யார் கொடுத்தார்கள்?
— ஊராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர்

பதில்: ஜப்பானில், தொயாமா மாவட்டத்தின் ஜின்சூ ஆற்றங்கரையில். அது கரிச் சுரங்கம் இல்லை, துத்தநாகச் சுரங்கம், ஆனால் கதை நம் வயலின் கதை. மேலே சுரங்கம், ஆற்றில் காட்மியம், கீழே நெல். நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களின் எலும்புகள் இருமினால்கூட உடையும் நிலைக்கு வந்தன. வலியில் அவர்கள் கத்தியதே நோய்க்குப் பெயரானது: இத்தாய் இத்தாய், 'வலிக்குதே வலிக்குதே' என்று அர்த்தம். 1968இல் அரசு அதைத் தொழிற்சாலை மாசால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. அந்த ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டு 1971இல் ஜெயித்தார்கள், 1972இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். 860 ஹெக்டேருக்கு மேல் வயலில் மேல்மண்ணைப் புதைத்து நல்ல மண் பரப்பினார்கள், வேலை முடிந்தது 2012இல்.

இங்கே 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களைக் கையாள மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்கிறது. ஆனால் சுரங்க வேலையால் வந்த மாசை, அதற்கு வேறு சட்டம் இருக்கிறது என்று அந்த விதிகள் வெளியே வைத்திருக்கின்றன. இதை எதிர்த்துக் கேட்க வேண்டியது உங்களைப் போன்றவர்கள்தான்.

ஜப்பான்காரர்கள் பணத்தோடு நிறுத்தவில்லை. தீர்ப்புக்குப் பிறகு போட்ட ஒப்பந்தப்படி, ஊர்க்காரர்கள் தாங்கள் கூட்டிவரும் விஞ்ஞானிகளோடு சுரங்கத்துக்குள் போய்ப் பார்க்கலாம், செலவு நிறுவனத்துடையது. அதன்படி ஆண்டுதோறும் போய்ப் பார்த்தார்கள். அடுத்த கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள்: வாய்க்காலில் வரும் தண்ணீரையும் கடைமடை மண்ணையும் வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், ஊர்க்காரர் முன்னிலையில் எடுத்துச் சோதிக்க வேண்டும், முடிவை எண்களோடு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். உலோகங்களின் பெயரைத் தீர்மானத்திலேயே ஒவ்வொன்றாக எழுதிவிடுங்கள்.