விண்ணப்பத்தில் மரபுத்தொடர் எதற்கு?

கேள்வி: பி.காம். முடித்த என் மகள் மன்னார்குடியில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறாள். ஆட்களின் குணத்தைச் சொல்லும் ஆங்கில மரபுத்தொடர்கள் நூறை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். வேலை விண்ணப்பத்திலும் நாலைந்தைச் சேர்க்க வேண்டுமாம். அவசியமா?

பதில்: விண்ணப்பத்தில் ஒன்றுகூட வேண்டாம். எல்லா வேலையும் தெரிந்தவள் என்று காட்ட 'ஜாக் ஆஃப் ஆல் டிரேட்ஸ்' என்று தன்னைப் பற்றி எழுதினால், எதிலும் முழுத் தேர்ச்சி இல்லாதவள் என்ற பொருளும் கூடவே போய்ச் சேரும். நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சம்பா பருவம் பட்டியல் எழுதியிருந்தால் அதை எழுதட்டும். எத்தனை சிப்பத்துக்குக் கணக்கு வைத்தாள், இருப்பு சரியாக வந்ததா என்று இரண்டு வரி போதும். பொறுப்பானவள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மரபுத்தொடர் தெரிந்திருக்க வேண்டியது, பிறர் சொன்னால் புரிந்துகொள்ள. நம்மவர்கள் சறுக்குவதும் அங்கேதான். தமிழ்ச் செய்திகளில் 'கறுப்பு ஆடு' என்றால் உள்ளேயிருந்தே காட்டிக்கொடுப்பவன். ஆங்கில 'பிளாக் ஷீப்' தன் குடும்பத்துக்குத் தலைகுனிவு தேடித்தருபவன். அதில் துரோகம் கிடையாது. 'டார்க் ஹார்ஸ்' என்றதும் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிற ஆள் என்று நினைத்துவிடுகிறார்கள். குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த பேச்சு அது. யாரும் கணக்கில் எடுக்காமல் இருந்து திடீரென்று ஜெயிப்பவருக்குச் சொல்வது. 'திக் ஸ்கின்' நம் 'எருமைத்தோல்' மாதிரி எப்போதும் வசை ஆகாது. வசையைத் தாங்கிக்கொள்ள அரசியலில் இருப்பவருக்கு அது வேண்டும் என்றே ஆங்கிலம் பேசுபவர்கள் சொல்வார்கள். 'சால்ட் ஆஃப் தி எர்த்' பைபிளில் மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் வருவது, பாசாங்கில்லாத நல்ல மனிதர்களுக்கான பாராட்டு. நிலத்தில் உப்பு ஏறிப் பயிர் கருகுவதைப் பார்த்து வளர்ந்த வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அடுத்த கோளாறு வினைச்சொல்லில். தங்கமான மனசுக்காரர் என்று சொல்ல 'ஹீ இஸ் ஹார்ட் ஆஃப் கோல்ட்' என்பது தவறு. 'ஹீ ஹேஸ் எ ஹார்ட் ஆஃப் கோல்ட்' என்பதே சரி. முன்கோபத்தைச் சொல்லும் 'ஷார்ட் ஃப்யூஸ்' முன்னும் 'ஹேஸ் எ'தான். அடுத்தவர் உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றுகிற 'வெட் பிளாங்கெட்'டுக்கு 'இஸ் எ'. 'சால்ட் ஆஃப் தி எர்த்' முன் 'தி' வரும். பத்துப் பேரைச் சொன்னாலும் 'சால்ட்' பன்மை ஆகாது. பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தால் இது எதுவும் மனதில் நிற்காது.

வாரத்துக்கு மூன்று போதும். ஒவ்வொன்றையும் தெரிந்த ஒருவரைப் பற்றிய முழு வாக்கியமாக நோட்டில் எழுதட்டும். பக்கத்திலேயே, பாராட்டா பழிப்பா என்றும், அந்த ஆளின் முகத்துக்கு நேரே சொல்லலாமா என்றும் குறிக்கட்டும். கேம்பிரிட்ஜ் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 'இன்ஃபார்மல்' (சாதாரணப் பேச்சுக்கு உரியது), 'டிஸ்அப்ரூவிங்' (பழிப்பு) என்று அதிலேயே குறிப்பு இருக்கும். 'டிஸ்அப்ரூவிங்' என்று போட்டிருப்பதை அலுவலகத்தில் சொல்லவே கூடாது. நேர்முகத்தில் பழைய மேலதிகாரி எப்படிப்பட்டவர் என்று கேட்டால், 'ஸ்ட்ரிக்ட், பட் ஃபேர்' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளட்டும்.