சின்ன பிரவுசர் புரோகிராமுக்கு எந்த லாகிங் லைப்ரரி எடுப்பது? வின்ஸ்டன் சரிவருமா?

முந்நூறு நானூறு வரி ஜாவாஸ்கிரிப்ட், ஒரே பக்கம், வழியெல்லாம் இறைந்து கிடக்கும் கன்சோல்.லாக். உங்கள் நிலைமை இதுதான் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் வின்ஸ்டன் வேண்டாம். அது நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுவது) சர்வருக்காக எழுதியது. ஃபைலில் எழுதுவது, ஸ்ட்ரீம் என்று அதன் உள்வேலையே வேறு. பிரவுசருக்குள் இழுத்தால் பாலிஃபில் மூட்டையும் (பிரவுசரில் இல்லாத நோட் வசதிகளை ஈடுகட்டும் கோடு) கூடவே வரும். லாக்லெவல் என்ற சின்ன லைப்ரரியை எடுங்கள். அதுகூட வேண்டாம் என்றால் லைப்ரரியே இல்லாமலும் ஓட்டலாம், அதையும் கீழே சொல்கிறேன்.

எல்லோரும் சைஸைத்தான் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம் வரி எண். கன்சோலின் வலது ஓரத்தில் "ஆப்.ஜேஎஸ்:212" என்று வருகிறதே, அதைக் கிளிக் செய்து கோடுக்குப் போவதுதான் டீபக்கிங்கில் பாதி வேலை. நீங்களே ஒரு ஃபங்ஷன் எழுதி அதற்குள் கன்சோல்.லாக்கைக் கூப்பிட்டால், எங்கிருந்து அழைத்தாலும் "லாகர்.ஜேஎஸ்:9" என்றே காட்டும். உண்மையில் கன்சோல் அழைக்கப்பட்ட இடம் அதுதானே. லாக்லெவல் அப்படிப் போர்த்துவதில்லை. கன்சோலின் மெத்தடையே பைண்ட் செய்து (கன்சோலோடு கட்டி) கையில் கொடுக்கிறது, அதனால் வரி எண் உங்கள் கோடிலேயே நிற்கும். சுருக்கி அனுப்பினால் சுமார் 1.4 கேபி, வேறு எந்தப் பேக்கேஜையும் சார்ந்தில்லை, சாதாரண ஸ்கிரிப்ட் டேக்கில் போட்டாலே ஓடும்.

லைப்ரரியே வேண்டாம் என்பவர்களுக்கும் இதே வித்தைதான்: கன்சோல்.லாக்.பைண்ட் என்று எழுதி, முதல் ஆர்கியுமென்டாகக் கன்சோலையும் இரண்டாவதாக '[கார்ட்]' மாதிரி ஒரு முன்னொட்டையும் கொடுத்து ஒரு கான்ஸ்டில் வைத்துக்கொள்ளுங்கள். லாகை அணைக்க அந்தக் கான்ஸ்டில் எதுவும் செய்யாத வெறும் ஃபங்ஷனை வைத்தால் போதும். நூறு வரி புரோகிராமுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

லாக்லெவலில் ஆட்கள் வழுக்கி விழும் இடங்கள் சில உண்டு. அதன் டிஃபால்ட் லெவல் வார்ன், அதாவது எச்சரிக்கையும் எரரும் மட்டுமே வரும். இன்ஸ்டால் செய்ததும் லாக்.இன்ஃபோ போட்டுவிட்டு "ஒன்றுமே வரவில்லை" என்பவர்கள்தான் அதிகம். அடுத்தது, செட்லெவல் கொடுத்தால் அது லோக்கல்ஸ்டோரேஜில் (தளத்துக்கென்று பிரவுசர் வைக்கும் சேமிப்பு) பதிந்துவிடும். கோடிலிருந்து அந்த வரியை எடுத்த பிறகும் பழைய லெவலே ஓடும். ஆரம்பத்தில் செட்டிஃபால்ட்லெவல் மட்டும் வையுங்கள். யாராவது கன்சோலில் கையால் மாற்றி வைத்திருந்தால் அதை இது அழிக்காது. கிட்ஹப் பேஜஸில் ஒரே கணக்கின் கீழ் நாலு புராஜெக்ட் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: நாலுக்கும் ஆரிஜின் (தள முகவரி) ஒன்றுதான், லோக்கல்ஸ்டோரேஜும் ஒன்றுதான். ஒன்றில் டீபக்கைத் திறந்தால் மற்ற மூன்றும் சேர்ந்து கத்தும். கெட்லாகரில் புராஜெக்டுக்கொரு பெயர் கொடுத்தால் லோக்கல்ஸ்டோரேஜ் சாவி தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

நேரம் சேர்க்கிறேன் என்று லாக்லெவலின் மெத்தட்ஃபேக்டரியை (லாக் ஃபங்ஷன்களை உருவாக்கும் பகுதி) மாற்றி உள்ளே ஒரு ஃபங்ஷனைச் சொருகாதீர்கள். போன வரி எண் திரும்ப வராது. குரோம் டெவ்டூல்ஸ் செட்டிங்ஸில், கன்சோல் பகுதியில் 'ஷோ டைம்ஸ்டாம்ப்ஸ்' என்று டிக் பெட்டியே இருக்கிறது.

"டிபக் பேக்கேஜை விட்டுவிட்டாரே" என்று கமென்டில் வரப்போகிறவர்களுக்கு: டிபக் என்பதும் ஒரு லாகிங் பேக்கேஜ்தான், நல்ல பேக்கேஜ், பெயர் வாரியாக வடிகட்ட வசதி. ஆனால் பிரவுசரில் அது கன்சோல்.டிபக் வழியாக எழுதுகிறது. குரோம் கன்சோலின் லெவல் பட்டியலில் 'வெர்போஸ்' டிக் செய்யாவிட்டால் எதுவும் தெரியாது, புதியவர்கள் அங்கேயே அரைநாள் தொலைப்பார்கள். 2025 செப்டம்பர் 8 அன்று பராமரிப்பாளரை ஃபிஷிங் மெயிலில் ஏமாற்றி 4.4.2 என்ற விஷப் பதிப்பை என்பிஎம்மில் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் கிடங்கு) ஏற்றியதும் இதே பேக்கேஜில்தான். கிரிப்டோ வாலெட்டைக் குறிவைத்த கோடு. இதை வைத்து டிபக்கைக் குறை சொல்லவில்லை, எந்தப் பேக்கேஜுக்கும் நடக்கக்கூடியதுதான். பதிப்பு எண்ணைப் பூட்டி வையுங்கள்.

எந்த லைப்ரரி எடுத்தாலும் தீராத ஒன்று உண்டு. மூன்று ஐட்டம் உள்ள அரேயை லாக் செய்துவிட்டு, அடுத்த வரியில் அதன் லெங்த்தைச் சைபர் ஆக்குங்கள். கன்சோலில் மூடியிருக்கும்போது மூன்று என்று காட்டும், முக்கோணத்தை அமுக்கித் திறந்தால் உள்ளே காலி. பொய்யில்லை, திறக்கும் நொடியில் இருப்பதைத்தான் காட்டுகிறது. லாக் செய்த நொடியில் இருந்த மதிப்பு வேண்டுமானால் ஸ்ட்ரக்சர்ட்குளோன் போட்டு நகலை லாக் செய்யுங்கள். உள்ளே ஃபங்ஷனோ டாம் எலிமென்டோ இருந்தால் அது எரர் வீசும், அப்போது தேவையான ஃபீல்டை மட்டும் எடுத்துக் கொடுங்கள். இந்த நகல் வேலை, லெவல் அணைந்திருந்தாலும் ஓடும். ஆர்கியுமென்ட் முதலிலேயே கணக்கிடப்பட்டுவிடுகிறதே. மவுஸ்மூவ் மாதிரி இடத்தில் இதை வைத்தால் பக்கம் திக்கும்.

பில்டில் இஎஸ்பில்ட் கருவியின் டிராப் கன்சோல் ஆப்ஷனைக் கொடுப்பவர்கள், அது கன்சோல்.எரரையும் சேர்த்தே துடைக்கும் என்பதையும், அடைப்புக்குள் இருக்கும் ஆர்கியுமென்ட் அத்தனையும் ஓடாமல் போகும் என்பதையும் தெரிந்து செய்யுங்கள். கவுண்டரை ஏற்றும் வேலையை லாகுக்குள் வைத்திருந்தால் லோக்கலில் ஓடும், லைவில் நிற்கும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கன்சோலை மொபைலில் போட்டோ எடுத்து, அதுவும் சாய்வாக, ட்யூப்லைட் வெளிச்சம் அடிக்க, வாட்ஸ்அப்பில் அனுப்பி "என்ன எரர்னு பாருங்க" என்கிறார்களே, எரரின் முக்கால் பாகம் ஃப்ரேமுக்கு வெளியே இருக்கும். குரோம் கன்சோலில் ரைட் கிளிக் செய்தால் 'சேவ் ஆஸ்' இருக்கிறது. முழு லாகும் டெக்ஸ்ட் ஃபைலாக வரும். பக்கம் மாறினால் அழிந்துபோகாமல் இருக்க, அதற்கு முன்பே 'பிரிசர்வ் லாக்' டிக் செய்திருக்க வேண்டும்.