போன மாதம் ஓடிய டெபியன் நெட்பூட் இன்று "கெர்னல் மாட்யூல்கள் இல்லை" என்கிறதே, ஏன்?

உட்லண்ட்ஸ் துணைப்பாட நிலையத்தின் பழைய மடிக்கணினிகளில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போடும்போது இன்ஸ்டாலர் (நிறுவும் நிரல்) பாதியில் நிற்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பென்டிரைவில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு.

நெட்பூட் என்பது இணையம் வழியே நிறுவலைத் தொடங்கும் சின்னக் கோப்பு. அதில் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதோடு சேரும் துணைப் பகுதிகளான மாட்யூல்கள் கொஞ்சமும்தான் இருக்கும். வட்டு, கோப்பு முறைமை போன்றவற்றுக்கான மீதியை 'யூடெப்' என்ற சின்னப் பொதிகளாக மிரரிலிருந்து (டெபியன் பொதிகளின் நகலை வைத்திருக்கும் சேவையகம்) இறக்கிக்கொள்ளும். அவை ஓடும் கெர்னலின் பதிப்போடு அச்சாகப் பொருந்த வேண்டும். டெபியன் 12 வெளியானபோது கெர்னல் 6.1.0-9, அடுத்த திருத்த வெளியீட்டில் 6.1.0-10. மிரரிலிருந்து பழைய யூடெப்கள் நீக்கப்பட்டதும் பழைய பென்டிரைவ் கேட்பது கிடைக்காது.

அதனால்தான் இதில் வரிசை முக்கியம். முதலில் புதிய கெர்னல், செக்யூர் பூட்டுக்காக (கையொப்பத்தைச் சரிபார்த்தே கணினியைத் தொடங்கும் முறை) கையொப்பமிட்ட பொதிகள், அவற்றிலிருந்து யூடெப்கள். அப்புறம்தான் இன்ஸ்டாலரை மறுபடி கட்டுவார்கள், கடைசியில் ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டின் படிமக் கோப்பு). நிலையான பதிப்பில் இவற்றைத் திருத்த வெளியீட்டின்போது சேர்த்தே செய்கிறார்கள். இது பொறுமையான, அருமையான உழைப்பு என்பேன். அடுத்த பதிப்பு தயாராகும் டெஸ்டிங் கிளையிலோ நடுவில் இடைவெளி விழுவது சகஜம்.

சரி, தீர்வு: அதே மிரரிலிருந்து நெட்பூட்டைப் புதிதாக இறக்குங்கள். பல கணினிகள் என்றால் நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ நல்லது. தனக்கான மாட்யூல்களை அது உள்ளேயே வைத்திருக்கும்.