மனம் நிறையும்போது கண் கலங்குவது நோயா?

கேள்வி: எனக்கு வயது 61. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். சில மாதங்களாக, கோயிலில் ஓதுவார் தேவாரம் பாடும்போதும், வெளியூரில் இருக்கும் பேத்தி தொலைபேசியில் ‘தாத்தா’ என்று கூப்பிடும்போதும் தொண்டை அடைத்துக் கண்ணீர் வழிந்துவிடுகிறது. துக்கம் எதுவும் இல்லை. சற்று நேரத்தில் மனம் லேசாகிவிடுகிறது. இது மனச்சோர்வு, மாத்திரை எடுக்க வேண்டும் என்கிறான் மகன். வண்டியில் செல்லும்போது இடது கண்ணில் மட்டும் நீர் வடிவதும் உண்டு. சிகிச்சை தேவையா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு வேறு செய்திகள் கலந்திருக்கின்றன. ஓதுவாரின் பாட்டுக்கும் பேத்தியின் குரலுக்கும் வரும் கண்ணீருக்கு மருந்து தேவையில்லை. இடது கண்ணில் வடியும் நீரைத்தான் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும்.

மேல் இமைக்கு உட்புறம், வெளி ஓரத்தில் இருக்கும் கண்ணீர்ச் சுரப்பிக்குத் துக்கம், மகிழ்ச்சி என்ற பேதம் தெரியாது. உணர்ச்சி எதுவாயினும், அது மனத்தின் கொள்ளளவை மீறிப் பெருகும்போது மூளையின் உணர்ச்சி மையங்களிலிருந்து புறப்படும் தூண்டுதல், மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் வழியாகவும் முக நரம்பில் உள்ள, நம் விருப்பத்துக்குக் காத்திராமல் தானே இயங்கும் பாராசிம்பதெடிக் இழைகள் வழியாகவும் அந்தச் சுரப்பியை வந்தடைகிறது. மிகுதியாகச் சுரக்கும் நீரில் ஒரு பகுதி உட்புறக் குழாய் வழியே மூக்கில் இறங்குவதால்தான் அழும்போது மூக்கை உறிஞ்ச வேண்டியிருக்கிறது. உணர்ச்சி மேலிடும் வேளையில் மூச்சுக்காகக் குரல்வளைத் திறப்பு அகன்று நிற்க முயல, எச்சிலை விழுங்கும்போது அதே திறப்பு மூட வேண்டியிருப்பதால் ஏற்படும் இழுபறியையே தொண்டை அடைப்பதாக நாம் உணர்கிறோம்.

பெருமகிழ்ச்சியின்போது கண்ணீர் விடுவோர் அந்த உணர்ச்சி வேகத்திலிருந்து விரைவில் சமநிலைக்குத் திரும்புவதாகத் தெரிகிறது என்று, யேல் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வாளர் ஒரியானா அரகோனின் குழு 2015இல் எழுதியது. முடிந்த முடிவாக இதைக் கொள்ள இயலாவிட்டாலும், அழுதபின் மனம் லேசாகிறது என்ற உங்கள் அனுபவத்தோடு இது ஒத்துப்போகிறது. கண்ணீரோடு உடலின் நச்சுகள் வெளியேறுகின்றன என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு மட்டும் போதிய ஆதாரம் கிடையாது. அந்த வேலைக்குச் சிறுநீரகமும் கல்லீரலும் இருக்கின்றன.

உங்கள் மகனின் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மனச்சோர்வு உள்ளவருக்குப் பாட்டிலும் பேத்தியிடத்திலும் உள்ள நாட்டம் பெரும்பாலும் வற்றிப்போகும். உறக்கமும் பசியும் கெடும். இரண்டு வாரங்களுக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் கனத்தே கிடக்கும். அவ்வாறு இருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம். அவர் பரிசோதிக்காமல் மாத்திரையைத் தொடங்காதீர்கள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் அழுகையோடு சேர்த்து மகிழ்ச்சியையும் மழுங்கடிப்பது உண்டு. பக்கவாதம் போன்ற மூளை நோய்களுக்குப் பிறகு சிலருக்கு, உள்ளே எந்த உணர்ச்சியும் இல்லாமலே அழுகையோ சிரிப்போ பீறிட்டு வந்து, அடக்கினாலும் அடங்காமல் நிற்கும். காரணமின்றி அவ்வாறு நேர்ந்தால் நரம்பியல் மருத்துவரை அணுக வேண்டும். அதனுடன் திடீரெனப் பேச்சு குழறினாலோ, கைகால் தளர்ந்தாலோ, அந்த நிமிடமே அவசரச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.

இனி இடது கண். எதிர்காற்றில் கண் உலர்ந்தால் அதை ஈடுகட்டவே நீர் பெருகும். ஆனால் ஒரு கண்ணில் மட்டும் என்பதால், மூக்குக்கு இறங்கும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இமையோரத்துச் சிறு துளையில் உப்புநீரைச் செலுத்தி, அது தொண்டையில் இறங்குகிறதா என்று கண் மருத்துவர் சில நிமிடங்களில் சோதித்துவிடுவார். அதுவரை வண்டியில் செல்லும்போது கண்ணாடி அணியுங்கள். மூக்கையொட்டிய கண் மூலையில் வீக்கமோ வலியோ சீழோ தென்பட்டால் அன்றே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.